வண்டிக்குள் இருந்த தம்பி

எங்கள் வீட்டில் ஒருவருக்கும் பெயர் இருக்கவில்லை. சிரிக்காதீர்கள். அறுபதைத் தாண்டிய நீங்கள் எல்லோரும் கொஞ்சம் கண்ணை மூடி யோசித்துப் பாருங்கள், உங்கள் வீட்டிலும் அதே கதைதான். ஐயா, அம்மா, அக்கா, அண்ணை, தம்பி, ஆசைமாமா என்று முறை சொல்லிக் கூப்பிட்டே ஒரு சீவியத்தை ஓட்டிவிட்டோம். பெயர் என்ற ஒன்று பள்ளிக்கூட இடாப்பிலும் சாதகத்திலும் பத்திரமாகக் கிடந்தது. என் அம்மாவின் முழுப்பெயரை நான் முதன்முதலில் வாசித்தது சங்கக்கடை அரிசிக் கூப்பனில். யாரோ வேறு மனுசியின் கூப்பன் எங்கள் வீட்டுக்கு மாறி வந்துவிட்டதென்று நினைத்தேன்.

இதை ஏன் இப்போது சொல்ல வந்தேன் என்றால், என் மகளுக்கு இது ஏழாம் மாதம். மூத்தவனுக்கு இரண்டு வயது முடிந்து கொஞ்சக் காலம்தான். அவர்களின் வீடு வட்டக்கச்சியில், எனக்கு அடுத்த ஒழுங்கையில். போன கிழமை நான் புட்டுக் கொண்டுபோனபோது மருமகன் பெடியனைத் தூக்கி, தாயின் வயிற்றில் காதை வைக்கச் சொல்லி, “உள்ளுக்கை தம்பி என்ன சொல்லுறார்?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். “தம்பி எண்டு சொல்லாதேங்கோ!” என்று வாசலில் நின்றே சத்தம் போட்டுவிட்டேன். மருமகன் பயந்துபோனார். “ஏன் மாமி, ஸ்கானிலை தங்கச்சி எண்டு சொல்லிப்போட்டினமோ?” என்று கேட்டார். புட்டை வைத்துவிட்டு வந்துவிட்டேன். உங்களுக்குச் சொல்கிறேன், உங்களுக்கு விளங்கும்.

ஐயாவும் அம்மாவும் யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டத்தில் இங்கே காணி கிடைத்து வந்தவர்கள். மேட்டுக்காணியில் வீடு, வாய்க்காலுக்கு அப்பால் வயல். நான் சொல்லும் சோளகக் காற்றுக் காலத்தில் எனக்கு எட்டு வயது, தம்பிக்கு இரண்டரை இருக்கும், அம்மா மூன்றாவது பிள்ளைக்காகக் காத்திருந்தார். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். எங்கள் வீட்டில் அம்மி இருந்த இடத்திலேயே இருந்தது. கொடியில் காய்ந்த தம்பியின் காற்சட்டைகள்தான் பறந்துபோய்ப் பக்கத்துக் காணி வேலியில் தொங்கும். அவற்றைப் பொறுக்கி வருவது என் வேலை.

தம்பியைத் தம்பி என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். நான் கூப்பிட்டதில் நியாயம் உண்டு. ஐயாவும் அம்மாவும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். தபால்காரரும் அப்படித்தான். சாத்திரியார் சொன்ன எழுத்தில் தேடிப் பிடித்து அவனுக்கு ஒரு நீளமான பெயர் வைத்திருந்தார்கள். அது கோவிலில் அர்ச்சனை செய்யும்போது மட்டும் வெளியே வரும். ஐயர் அதைச் சொன்னால் தம்பி வேறு யாரையோ சொல்கிறார் என்று என் பின்னால் எட்டிப் பார்ப்பான். பிள்ளை என்றால் நான், தம்பி என்றால் அவன். எங்கள் வீட்டில் கணக்கு அவ்வளவு சுத்தமாக இருந்தது.

அந்த வருடம் பாலைமரம் நன்றாகப் பழுத்திருந்தது. ஐயா காட்டுக்கரைக்குப் போய் ஓலைப்பெட்டி நிறையப் பழம் கொண்டுவந்து வைப்பார். சின்னச் சின்ன மஞ்சள் பழங்கள். இனிப்பென்றால் அப்படி ஓர் இனிப்பு. கொஞ்சம் கூடத் தின்றால் அதன் பால் உதட்டில் ஒட்டிக்கொண்டு வாயைத் திறக்க விடாது, தேங்காயெண்ணெய் தொட்டுத்தான் துடைக்க வேண்டும். மத்தியானச் சமையல் முடிந்ததும் அம்மா குசினி வாசலில் பாயைப் போட்டு, சுவரில் சாய்ந்து காலை நீட்டி இருப்பார். தம்பி பக்கத்தில் ஏறிக் குந்தி, அம்மாவின் வயிற்றைத் தன் மேசையாக்கிக்கொள்வான். பழங்களை அதன்மேல் ஒவ்வொன்றாக அடுக்கி, பிறகு ஒவ்வொன்றாக எடுத்துத் தின்பான். அம்மா அசையாமல் இருப்பார். முழுநாளிலும் அவருக்குக் கிடைத்த ஓய்வு அதுதான் என்று இப்போது விளங்குகிறது. அப்போது எனக்கு அதெல்லாம் தெரியாது, எனக்குப் பழத்தில்தான் கண்.

ஒருநாள் மேசை ஆடியது. அடுக்கி வைத்த பழங்கள் உருண்டு பாயில் விழுந்தன. அம்மா வயிற்றில் கையை வைத்துக்கொண்டு சிரித்தார்.

“பாத்தியே பிள்ளை, தம்பி உதைக்கிறான்!” என்றார் என்னிடம்.

தம்பி குனிந்து தன் கால்களைப் பார்த்தான். இரண்டும் மடித்தபடி அவன் கீழேதான் இருந்தன. நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தான். மறுபடி கால்களைப் பார்த்தான். அம்மாவும் நானும் வயிறு நோகச் சிரித்தோம். மாலையில் ஐயா வயலால் வந்ததும் அவருக்கும் சொல்லிச் சிரித்தோம். ஐயா லேசில் சிரிக்கிற மனிதர் அல்ல. அவரும் மீசைக்குள் சிரித்தார்.

வயிற்றில் இருப்பது தம்பிதான் என்று ஊரே தீர்ப்புச் சொல்லியிருந்தது. அம்மாவின் வயிறு முன்னுக்குக் கூர்ந்திருந்தது, அது ஆண் என்றார்கள். அம்மாவுக்குப் புளிப்பில் ஆசை வரவில்லை, அதுவும் ஆண். தம்பி குனிந்து தன் கால் இடுக்கால் பின்னே பார்த்த அன்று, பார்த்துக்கொண்டிருந்த மருத்துவிச்சி அம்மாவே “பொடியன்தான், சந்தேகமில்லை” என்று வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார். பிறந்தது தங்கச்சி என்பது பிறகு நடந்தது. அதற்குள் எல்லோரும் வயிற்றோடு தம்பி, தம்பி என்று உறவாடி முடித்திருந்தார்கள்.

எங்கள் பேச்சில் வண்டி என்றால் வயிறு. மாடு இழுப்பது வண்டில். சின்னப் பிள்ளைக்குச் சோறு தீத்தி முடித்ததும் “வண்டி நிறைஞ்சிட்டுதோ?” என்று கேட்போம் அல்லவா? அந்த வண்டி. வீட்டுக்கு வருகிற ஆட்கள் தம்பியைத் தூக்கி வைத்து ஒரு விளையாட்டுக் காட்டுவார்கள்.

“தம்பி எங்கை?” என்று கேட்க வேண்டும்.

அவன் அம்மாவின் வயிற்றைக் காட்டி, “தம்பி வண்டிக்கை!” என்று சொல்ல வேண்டும்.

சொன்னதும் எல்லோரும் கை தட்டுவார்கள். முதலில் அவனும் தட்டினான். பிறகு பிறகு தட்டவில்லை, சொல்லிவிட்டுச் சும்மா நின்றான். விளையாட்டு அலுத்துவிட்டது என்று நினைத்தோம்.

அதே நாட்களில் வீட்டில் சாமான்கள் இடம் மாறத் தொடங்கின. வீட்டு வளையில் சேலையைக் கட்டித் தொங்கவிடும் தொட்டிலை நாங்கள் ஏணை என்போம். தம்பி அதில்தான் மத்தியான நித்திரை. அம்மா அதை அவிழ்த்துத் தோய்த்து மடித்து, “இது தம்பிக்கு” என்று அலுமாரியில் வைத்தார். சின்னச் சட்டைகள் போயின, தம்பிக்கு. கடகடவென்று சத்தம் போடும் கிலுக்கு போனது, அதுவும் தம்பிக்கு. பிறந்ததிலிருந்து இவன் கேட்டதெல்லாம், தொடாதே பிள்ளை அது தம்பியின்ரை, கேக்காதே பிள்ளை அது தம்பிக்கு என்று எனக்குச் சொன்ன புத்திமதிகள்தான். அவனுக்காகச் சொன்னவை. இப்போது அதே வாய்கள் அதே சொல்லைச் சொல்லி அவன் கையிலிருந்து பறித்தன. அவன் அழவில்லை. கொடுத்தான்.

பால் மறக்கடித்த கதையும் அப்படித்தான். அம்மா முதலில் வேப்பெண்ணெய் பூசிப் பார்த்தார். அவன் முகத்தைச் சுளித்து, தன் சட்டை நுனியால் ஒழுங்காகத் துடைத்துவிட்டுக் குடித்தான். கடைசியில் ஒருநாள் அம்மா அலுத்துப்போய், “பால் இனித் தம்பிக்கெல்லோ” என்றார். அவ்வளவுதான். வாயை எடுத்தவன் பிறகு கேட்கவேயில்லை. வேப்பெண்ணெய்க்கு மசியாதவன் ஒரு சொல்லுக்கு மசிந்துவிட்டான், என்ன குணமான பிள்ளை என்று எல்லோருக்கும் சந்தோசம்.

அதற்குப் பிறகுதான் அவன் கூப்பிட்டால் திரும்பாமல் விட்டான். “தம்பி, சாப்பிட வா.” கோழிக்கூட்டுப் பக்கம் குந்தியிருந்து மண்ணைக் கிளறிக்கொண்டிருப்பான். “தம்பி, குளிக்க வா.” ஒரு அசைவும் இராது. காதில் ஏதோ வந்துவிட்டது என்று ஐயா பின்னால் போய் நின்று தாச்சிச் சட்டியில் தட்டினார். தம்பி துள்ளித் திரும்பினான். காது நல்ல காது. தீத்தினால் இரண்டு வாய் வாங்குவான், மூன்றாவதை வாயிலேயே வைத்துக்கொண்டிருப்பான். கன்னம் வற்றி, கண் பெரிதாகி, நெஞ்செலும்பு தெரியத் தொடங்கியது.

பரியாரியாரிடம் கொண்டுபோனோம். அவர் வயிற்றில் தட்டிப் பார்த்து, நாக்கைப் பார்த்து, அம்மாவின் வயிற்றையும் பார்த்துவிட்டு, “சவலை” என்றார். அடுத்த பிள்ளை வயிற்றில் வந்ததும் முந்தின பிள்ளை பால் இழந்து ஏங்கித் தேய்வதற்கு எங்களிடம் இருந்த சொல் அது. ஒரு சொல் கிடைத்துவிட்டால் பெரியவர்களுக்கு நிம்மதி. சவலைக்குச் சூரணம் தந்தார், தேனில் குழைத்துக் கொடுத்தோம். அவன் அதையும் வாயில் வைத்துக்கொண்டிருந்தான்.

இந்த நேரத்தில்தான் பெரியம்மா வந்தார். அம்மாவின் சொந்தத் தமக்கை, யாழ்ப்பாணத்திலிருந்து பஸ் பிடித்து வந்தார். பிள்ளைப்பேறுக்கு இன்னும் நாள் இருந்தது. சவலை என்று கேள்விப்பட்டதும் நிற்க முடியவில்லை என்றார். பனங்கட்டிக் குட்டான், ஒடியல், அம்மாவுக்குப் பேறுகாலச் சரக்குச் சாமான்கள், தம்பிக்கு ஒரு சோடி வெள்ளைச் சப்பாத்து. எனக்கு றிபன். பெரியம்மாவுக்குப் பிள்ளைகள் இல்லை. அதை யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள், ஆனால் அவர் வந்தால் அம்மாவின் குரல் கொஞ்சம் தணியும். தம்பியை மடியில் வைத்துக்கொண்டு பெரியம்மா மணிக்கணக்காக இருப்பார். எண்ணெய் வைத்து முழுக வார்ப்பார், பவுடர் பூசுவார், காதுக்குள் ஏதோ குசுகுசுப்பார். அவன் விலகவும் மாட்டான், ஒட்டவும் மாட்டான்.

கிணற்றடியில் ஒருநாள் அம்மாவும் பெரியம்மாவும் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தார்கள். நான் வாளியில் தண்ணீர் அள்ளி ஊற்றினேன்.

“உனக்கு இந்த வயித்தோடை வயலையும் பாத்து, சமைச்சு, சவலைப் பிள்ளையையும் பாக்க ஏலுமே?” என்றார் பெரியம்மா. “தம்பியை நான் கொண்டு போறன். அங்கை ஆஸ்பத்திரியும் கிட்ட. வீட்டிலை பசுப்பால் இருக்கு.”

அம்மா கொஞ்ச நேரம் சேலையை அலம்பிக்கொண்டிருந்தார். “எப்ப கொண்டுவந்து விடுவியள் அக்கா?”

“முதலிலை பிள்ளை தேறட்டும்.”

கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை என்று எட்டு வயதிலும் எனக்குத் தெரிந்தது. எங்கள் சொந்தத்தில் அப்படிப் போன பிள்ளைகள் இருந்தார்கள். என் மச்சாள் ஒருத்தி விடுமுறைக்கென்று பிள்ளையில்லாத தன் பெரியம்மா ஒருவரின் வீட்டுக்குப் போனாள். பிறகு அவளை நான் கண்டது அவள் பெரியபிள்ளையாகிச் செய்த சாமத்தியச் சடங்கில். பெற்ற தாயை அவள் ‘சித்தி’ என்று கூப்பிட்டாள், தாயும் ஓம் என்று போனார். அன்று மாலை அம்மா ஐயாவுக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டே, “அக்காவும் பாவமப்பா” என்றார். தம்பியை இழக்கப்போகிறேன் என்பது அந்த ஒரு சொல்லில் எனக்கு உறுதியாகிவிட்டது.

தம்பி அந்நாட்களில் ஒரேயொரு ஆளின் குரலுக்குத் திரும்பினான். வாய்க்கால்கரை மாமி. மலைநாட்டுத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து குடும்பமாக வந்து, வாய்க்கால் கரையோரம் கொட்டில் போட்டு இருந்தவர். எங்கள் வயலில் புல்லுப் பிடுங்க வருவார், அம்மாவுக்கு மா இடித்துக் கொடுப்பார். சிரித்த முகம். “அடேய் குட்டிப் பயலே!” என்று அவர் வேலிக்கு அப்பால் நின்று கூப்பிட்டால் தம்பி எழும்பி ஓடுவான். அவர் சுட்ட கோதுமை ரொட்டியைத் தேத்தண்ணியில் தோய்த்துத் தின்றுவிட்டு வருவான். பெரியம்மாவுக்கு இது பிடிக்கவில்லை.

“நாங்கள் தொண்டை கிழியக் கத்திறம், திரும்பிப் பாக்கிறானில்லை. அவள் என்னத்தைக் குடுத்து மயக்கினாளோ” என்றார்.

“ரொட்டியைத்தான் குடுத்தவா” என்றேன் நான். வாயை மூடச் சொன்னார்கள்.

ஒருநாள் பின்னேரம் வாய்க்கால்கரை மாமி தம்பியை இடுப்பில் வைத்துக் கொண்டுவந்தார்.

“அக்கா, இந்தப் புள்ளைக்கு வண்டியில போகணும்னு ரொம்ப ஆச போல இருக்கே,” என்றார் அம்மாவிடம். “வீட்டுல எல்லாரும் தம்பி தம்பின்னு கூப்புடுறாங்களே, நீ ஏன்டா போகாம இங்க ஒக்காந்திருக்கன்னு கேட்டேன். தம்பிக்கு வண்டிதான் வேணுமாம். வண்டி, வண்டின்னே சொல்லுது பாவம்.”

மலைநாட்டில் வண்டி என்றால் மாட்டுவண்டி, பஸ், கோச்சி என்கிற ரயில் எல்லாம்தான். அவர் கேட்டதைத் தன் பேச்சில் விளங்கிக்கொண்டார். அவர் விளங்கிக்கொண்டதை நாங்கள் அப்படியே வாங்கிக்கொண்டோம். தம்பி என்ன சொன்னான் என்று அவனிடம் ஒருவரும் திருப்பிக் கேட்கவில்லை.

“வண்டில் கேக்கிறானாக்கும்” என்று அம்மா சாமியறை மூலையில் கிடந்த நடைவண்டிலை எடுத்துவந்து தூசு தட்டி முன்னால் வைத்தார். ஐயா முதிரைப் பலகையில் தன் கையால் செய்தது. மூன்று சில்லும் சுற்றும்போது குருவி கத்துவது போலச் சத்தம் வரும். நானும் அதில்தான் நடை பழகினேன். பிறகு வந்த இடப்பெயர்வுகளில் வீட்டோடு அதுவும் போயிற்று, இன்றைக்கு ஒரு சில்லுக்கூட இல்லை. அன்று தம்பி அதைப் பார்க்கவே இல்லை.

“நடைவண்டில் இல்லையடி, பஸ்ஸைத்தான் சொல்லுறான்,” என்றார் பெரியம்மா. அவருடைய முகம் மலர்ந்துவிட்டது. “பாத்தியே? பிள்ளை தானாய் வாறன் எண்டு சொல்லுது. இனி என்ன யோசினை?”

அம்மா வாய்க்கால்கரை மாமியைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். பிள்ளையே கேட்கும்போது தாய் என்னதான் சொல்ல முடியும்? “சரி அக்கா” என்றார்.

போகிற அன்று ஐயா விடியவே மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார். எங்கள் வயலுக்குத் தண்ணீர் முறை என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு எங்கள் முறை இல்லை. அம்மா தம்பியின் சட்டைகளை மடித்து ஒரு சீத்தைத் துணிப் பையில் வைத்தார். வெள்ளைச் சப்பாத்தைப் போட்டுவிட்டார். வேலிப் படலை வரைக்கும் வந்தார். காற்று அவருடைய சேலையைப் பிடித்து இழுத்தது, ஒரு கையால் சேலையையும் மறுகையால் வயிற்றையும் பிடித்துக்கொண்டு நின்றார். “தம்பி, பெரியம்மாவுக்குக் கரைச்சல் குடுக்கக் கூடாது” என்றார். தம்பி பெரியம்மாவின் தோளில் இருந்தபடி அவரைப் பார்த்தான். அழவில்லை. அவன் அழுதிருந்தால் நாங்கள் எல்லோரும் அழுதிருப்போம், பிறகு ஒருவேளை ஒன்றும் நடந்திருக்காது.

பஸ் நிற்கும் இடம் பெரிய வாய்க்கால் பாலத்தடியில், ஒரு மருதமரத்துக்குக் கீழே. பக்கத்தில் ஒரு தேத்தண்ணிக் கடை. வழியனுப்ப நான்தான் போனேன். அம்மாவுக்கு அவ்வளவு தூரம் நடக்க ஏலாது. துணிப் பையை நான் வைத்திருந்தேன். மனதுக்குள் கோவிலுக்கு நேர்த்தி வைத்தேன், பஸ் பழுதாகிவிட வேண்டும் என்று. அந்தக் காலத்து பஸ்களுக்கு அது பெரிய வேண்டுதல் ஒன்றுமில்லை.

பெரியம்மா தம்பியை மரத்து வேரில் இருத்தி, சப்பாத்தில் பட்ட புழுதியைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்தார்.

“தம்பி, பெரியம்மாவோடை பஸ்ஸிலை வாறீங்களோ?”

அவன் திரும்பவே இல்லை.

“தம்பி!”

அவன் வாய்க்கால் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான். பெரியம்மாவுக்கு என்ன தோன்றியதோ, ஊர் முழுக்க விளையாடிய அந்த விளையாட்டைத் தானும் விளையாடிப் பார்த்தார். “எங்கை, தம்பி எங்கை?”

தம்பி கையை நீட்டி நாங்கள் வந்த வழியைக் காட்டினான். “தம்பி வண்டிக்கை.”

“ஓமடா கண்ணா, வண்டில் வரும். இப்ப வந்திடும்.”

அவன் இல்லை என்று தலையை ஆட்டினான். பெரியம்மாவின் வயிற்றில் கையை வைத்துத் தட்டினான். “இந்த வண்டி இல்லை. அம்மான்ரை வண்டி. தம்பி அங்கை.”

பெரியம்மா துடைத்துக்கொண்டிருந்த கையை நிறுத்தினார். தேத்தண்ணிக் கடையில் யாரோ கோப்பை கழுவுகிற சத்தம் கேட்டது. அவர் மெல்ல, மிகவும் மெல்லக் கேட்டார். “அப்ப, நீங்கள் ஆர்?”

அவன் அதற்கு யோசிக்கவே இல்லை.

“நான் பெரியம்மான்ரை பிள்ளை.”

அந்த ஒரு கிழமையாகக் காதுக்குள் குசுகுசுத்தது என்ன என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பெரியம்மா நிலத்தில் அப்படியே குந்திவிட்டார். அவருடைய முகத்தில் முதலில் சந்தோசம் வந்தது. அதை நான் கண்டேன், இல்லை என்று சொல்ல மாட்டேன். பிறகு அந்த முகம் கோணியது. அவனை இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அவனுடைய தலைக்கு மேலால் என்னைப் பார்த்தார்.

“இவன் திரும்பாதது இதாலையோ பிள்ளை? தான் இல்லை எண்டு நினைச்சுக்கொண்டு திரியிறானோ?”

எனக்கு விளங்கியும் விளங்காமலும் இருந்தது. கால்களைக் குனிந்து பார்த்த அந்த மத்தியானம்தான் நினைவுக்கு வந்தது. அதைச் சொன்னேன்.

பஸ் வந்தது. என் நேர்த்தி பலிக்காமல், நல்ல சுகதேகியாக வந்து நின்றது. கொண்டக்டர் “ஏறுங்கோ, ஏறுங்கோ” என்றான். பெரியம்மா எழும்பி நின்றார். ஒரு கணம் அவர் ஏறிவிடுவார் என்றுதான் நினைத்தேன். என் கையிலிருந்த பையைக்கூட நீட்டிவிட்டேன். அவர் கொண்டக்டரைப் பார்த்துக் கையை ஆட்டினார். “நீங்கள் போங்கோ தம்பி.” பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. பெட்டியையும் துணிப் பையையும் தேத்தண்ணிக் கடையில் பாரம் கொடுத்துவிட்டு, அவனைத் தூக்கிக்கொண்டு வேகமாக நடந்தார். நான் பின்னால் ஓடினேன்.

அம்மா குசினியில் அடுப்பு மூட்டாமல் இருந்தார். எங்களைக் கண்டதும் பயந்து எழும்பினார்.

“எடியே,” என்று தொடங்கினார் பெரியம்மா. அவருக்கு மூச்சு வாங்கியது. “நல்ல தாயடி நீ! நான் இன்னும் நல்ல பெரியம்மா! பிள்ளையின்ரை பேரைக் களவெடுத்து வயித்துக்கை வைச்சுக்கொண்டு, சவலையாம், சூரணமாம்! தம்பி எங்கை எண்டு அவனிட்டையே கேட்டுக் கேட்டுக் கை தட்டினனாங்கள். தம்பி அங்கையெண்டால் இவன் ஆரடி?”

அம்மாவுக்கு முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. பெரியம்மா பஸ்தரிப்பில் நடந்ததைச் சொன்னார். தான் காதுக்குள் சொல்லிக் கொடுத்ததையும் மறைக்காமல் சொன்னார். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல நிலத்தில் இருந்தார். தம்பியின் சப்பாத்துக்காலைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தார்.

“தம்பி.”

அவன் பார்க்கவில்லை.

அம்மா அவனுடைய கையை எடுத்து அவனுடைய நெஞ்சில் வைத்தார். “இதுதான் தம்பி. நீதானடா தம்பி. இந்த வண்டிக்கை இருக்கிறது பாப்பா. வெறும் பாப்பா. தம்பி நீதான்.” சொல்லிச் சொல்லி அழுதார். அவன் தன் நெஞ்சைப் பார்த்தான், அம்மாவின் வயிற்றைப் பார்த்தான். பிறகு வயிற்றில் விரலால் ஒரு குத்துக் குத்தி, “பாப்பா” என்றான். சரிபார்த்துக்கொள்வது போல மறுபடி ஒருமுறை குத்தினான். அம்மா ஓம் ஓம் என்று தலையாட்டினார்.

ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள், நம்பவும் கூடாது. கூப்பிட்டால் திரும்புவதற்கு அவனுக்கு இன்னும் கொஞ்சக் காலம் எடுத்தது. ஆனால் அன்று மத்தியானம் பாலைப்பழம் கேட்டான். பெரியம்மாதான் ஊட்டிவிட்டார். உதட்டில் ஒட்டியதை எண்ணெய் தொட்டுத் துடைத்தார். துடைத்து முடித்ததும், “நான் பின்னேர பஸ்ஸிலை போறன்” என்றார். அம்மா நிற்கச் சொல்லி எவ்வளவோ கேட்டார். பெரியப்பா தனிய இருப்பார் என்று சொல்லிவிட்டார்.

இதைத் தம்பிக்குச் சொன்னால் இப்போது சிரிக்கிறான். வெள்ளைத் தாடியைத் தடவிக்கொண்டு, “அக்கா, நீ நல்லாய்க் கதை விடுறாய்” என்கிறான். அவனுக்கு ஒன்றும் நினைவில்லை. அந்த வயதில் யாருக்கு என்ன நினைவிருக்கும்? நான்தான் யோசித்துப் பார்க்கிறேன். அந்த மரத்தடியில் கேட்டதைப் பெரியம்மா தனக்குள் வைத்துக்கொண்டிருந்தால் போதும். பஸ்ஸில் ஏறியிருக்கலாம். தான் அவருடைய பிள்ளை என்று அவனே தன் வாயால் சொல்லியிருந்தான். கேட்ட ஒரே சாட்சி நான், எட்டு வயது. அவரைப் பிள்ளை பறிக்க வந்தவர் என்று அந்தக் கிழமை முழுக்க மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன்.

பின்னேரம் நான்தான் மறுபடி கூடப் போனேன். தேத்தண்ணிக் கடையில் பெரியம்மா தன் பெட்டியை வாங்கினார். துணிப் பையையும் வாங்கினார். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, பையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு பஸ் வரும் திசையைப் பார்த்தபடி நின்றார். அது தம்பியின் பை என்று சொல்ல நான் வாயெடுக்கிறேன், அதற்குள் பஸ் வந்துவிட்டது. என் தலையைத் தடவிவிட்டு ஏறிப் போய்விட்டார்.

ஓடிவந்து அம்மாவிடம் சொன்னேன். “அம்மா, தம்பியின்ரை சட்டையெல்லாம் போயிட்டுது. பெரியம்மா பையை மறந்து கொண்டு போயிட்டா.”

அம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். தம்பி அவருடைய முதுகில் சாய்ந்து நின்றான்.

“மறந்து கொண்டுபோகேல்லைப் பிள்ளை,” என்றார். “விடு.”